டி எழுத்தில் ஐந்தாவது நாடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தலையில் பிறக்கவில்லை, எங்கள் வீட்டுக் குசினியில் பிறந்தது. மகள் நதீராவுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வீட்டுவேலை கொடுத்திருந்தார்கள்: ஆங்கிலத்தில் டி என்ற எழுத்தில் தொடங்கும் நாடுகளின் பெயர்களை எழுதி வரவேண்டும். கதை எழுதுகிற வாப்பா வீட்டில் சும்மா இருக்கும்போது பிள்ளை வேறு யாரிடம் கேட்கும்? டென்மார்க் என்றேன். அத்தோடு நின்றுபோனேன். கூரையைப் பார்த்தேன். அங்கே நாடு ஒன்றும் இல்லை. அப்போது குசினிக்குள் மீன் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி உரத்துச் சொன்னாள்: "டுபாய்!"

அவளுடைய தம்பி அங்கேதான் இருக்கிறான். அவள் குரலில் சந்தேகம் என்பது மருந்துக்கும் இல்லை. டுபாய் ஒரு நாடல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. தலையாட்டி வைத்தேன்.

சாப்பிட்ட பிறகு யோசித்தேன். இதே விடையை ஒருத்தி குசினியில் சொல்லாமல் ஊரே கூடியிருக்கும் ஒரு மேடையில் சொன்னால்? அந்த விடையில் இன்னொருத்தியின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தால்? அவ்வளவுதான் மூலதனம். எண்பத்தெட்டாம் ஆண்டில், பேனை மை ஊறும் ஒரு பழைய கொப்பியில் இதை எழுதத் தொடங்கினேன்.

முதல் வாக்கியத்துக்குப் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

"உலகப்படத்தில் இல்லாத ஒரு நாட்டில் எங்கள் ஊரின் பாதி இளைஞர்கள் வியர்வை சிந்திக்கொண்டிருந்த..." (அடித்துவிட்டேன். எடுத்த எடுப்பிலேயே மீசை முறுக்குகிறது.)

"யன்னலோரம் நின்ற றாஹிலா கடலைப் பார்த்து..." (இதுவும் வேண்டாம். யன்னலோரம் நிற்கும் பெண்களை நம்மவர்கள் தேவைக்கு மேல் எழுதிவிட்டார்கள். தவிரவும் றாஹிலா நிற்கிற ஆளில்லை.)

"றாஹிலாவுக்கு ஒரு கதவு திறக்க வேண்டியிருந்தது."

இது இருக்கட்டும்.

2

றாஹிலாவுக்கு ஒரு கதவு திறக்க வேண்டியிருந்தது. அது வாசிகசாலைக் கதவு.

ஊர் கல்முனைக்குத் தெற்கே, கடலோரம். பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அந்த ஊர்க்காரர் சண்டைக்கு வருவார்கள். அடுத்த ஊர்க்காரர் தங்களை ஏன் எழுதவில்லை என்று சண்டைக்கு வருவார்கள். ஆண்டு எண்பத்திரண்டு.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: ஏன் எண்பத்திரண்டு என்றால், இந்தக் கதையில் காரைதீவிலிருந்து கனகரெத்தினம் மாஸ்டர் நடுவராக வரவேண்டியிருக்கிறது. அவர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, தேத்தண்ணி குடித்து, ஒரு முஸ்லிம் ஊரின் மீலாத் மேடையில் நடுக்கதிரையில் உட்காரவேண்டும். அதை ஒருவரும் ஒரு விசயமாகவே எடுத்துக்கொள்ளக்கூடாது. எண்பத்தைந்துக்குப் பிறகு அந்தக் கதிரையை எழுத எனக்குக் கை வருகுதில்லை. அந்த வருடம்தான் எங்கள் பக்கத்தில் தமிழ்ச் சனமும் முஸ்லிம் சனமும் மோதிக்கொண்டது. ஆகவே ஆண்டைப் பின்னுக்குத் தள்ளினேன்.)

றாஹிலாவுக்கு இருபது வயது. சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு. மேலே உயர்தரம் படிக்கப் பஸ் ஏறிப் போகவேண்டும், வாப்பா விடவில்லை. "வீட்டுல இருந்து படிச்சு எழுது மகள்" என்றார். அவர் அதை வாயை அடைக்கச் சொன்னார். அவள் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டாள். அடுத்த ஓகஸ்டில் பரீட்சை. மற்றப் பாடங்களுக்குக் கடன் வாங்கிய புத்தகங்கள் இருந்தன. புவியியல்தான் இடித்தது. உலகப்படம் இல்லாமல் புவியியல் படிப்பதும் கண்ணைக் கட்டிக்கொண்டு சமைப்பதும் ஒன்றுதான். ஊரில் இருந்த ஒரே பெரிய உலகப்படம் வாசிகசாலைச் சுவரில் ஆணி அடித்துக் கிடந்தது. தேசப்படப் புத்தகம் அங்கேயே அலுமாரிக்குள். இரண்டும் வெளியே வராது.

பெண்கள் உள்ளே போகக்கூடாது என்று எங்கும் சட்டம் எழுதியிருக்கவில்லை. பெண்கள் வராததால் ஆண்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பேப்பர் பார்த்தார்கள். ஆண்கள் சட்டை இல்லாமல் இருந்ததால் பெண்கள் போக முடியவில்லை. வாசிகசாலை கட்டிய நாளிலிருந்து இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் அவள் தன் மூத்த சகோதரன் முனாப் காக்காவை அனுப்பிப் பார்த்தாள். "செங்கடல் எங்க தொடங்கி எங்க முடியுது எண்டு பாத்திட்டு வாங்க காக்கா." முனாப் போனான், கரம்போட் விளையாடினான், வந்தான். "பாத்தன். நீலமாத்தான் இரிக்கு" என்றான்.

அதன் பிறகுதான் அவள் வாப்பாவை இழுத்துக்கொண்டு மீராசாஹிபு மரைக்காரின் வீட்டுக்கே போனாள். மரைக்கார் என்றால் பள்ளிவாசல் நிர்வாகத்தில் தன் குடிக்காக, அதாவது தாய்வழிக் குலத்துக்காக, பேசுகிறவர். வாசிகசாலைக்கும் அவர்தான் தலைவர்.

"சனிக்கிழமை காலம்பற மட்டும் வாசிகசாலையப் பொம்புளைகளுக்குத் தாங்க மரைக்கார்."

"பொம்புளைகளுக்கு அங்க என்னகா வேலை?"

"வாசிக்கிற வேலைதான்."

மரைக்கார் சிரித்துவிட்டார். (இவரை ஒரு கெட்ட மனிதராக்க நானும் முயன்றேன். தடித்த குரல் கொடுத்தேன், சிவந்த கண் கொடுத்தேன். பொருந்தவில்லை. எழுபத்தெட்டுச் சூறாவளியில் தன் நெல்லு மில்லைத் திறந்து தெருச் சனத்தையெல்லாம் உள்ளே விட்டவர் அவர். எல்லாருக்கும் நல்லவர், ஒரு விசயத்தில் மட்டும் பிடிவாதக்காரர். அப்படிப்பட்டவரை எதிர்ப்பது கெட்டவனை எதிர்ப்பதைவிடக் கரைச்சல்.)

"சரி. மீலாத் விழா வருகுது. அறிவுப்போட்டியில பொடியனுகள வெண்டு காட்டுங்க. சனிக்கிழமை உங்களுக்கு. தோத்தா, இந்தக் கதைய நீ இனி எடுக்கப்படாது. சம்மதமா?"

வாப்பா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். அவள் "ஓம், சம்மதம்" என்றாள்.

3

இந்த இடத்தில் எனக்கு ஒரு பாத்திரத்தின் மீது சந்தேகம் வந்தது. அஸீஸா.

பெண்கள் அணிக்கு மூன்று பேர் வேண்டும். றாஹிலா ஒன்று. இரண்டாவது கைருன்னிஸா. அவளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நல்ல பிள்ளை, வந்து உட்கார்ந்தாள். மூன்றாவது அஸீஸா. இஸ்லாமிய வரலாற்றில் ஆண்டு, மாதம், போர், பேர் எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அவள் கலியாணமாகி நாலு மாதம் ஆன பெண். மாப்பிள்ளை கச்சிமுகம்மது கலியாணத்துக்கு அடுத்த மாதமே டுபாய்க்குப் பறந்துவிட்டான். ஒருவர் பேச்சை எடுத்தால் போதும், அது எந்தத் தெருவால் போனாலும் கடைசியில் அஸீஸா அதை டுபாயில் கொண்டுபோய் இறக்குவாள். மழை பெய்தால், அங்கே மழை இல்லையாம். மீன் பொரித்தால், அங்கே மீன் பெட்டிக்குள் வருமாம்.

இப்படிப்பட்ட ஒருத்தியை இந்தப் போட்டியில் உட்கார வைப்பது வைக்கோலுக்குப் பக்கத்தில் விளக்கை வைப்பது போல. நான் இரண்டு முறை அவளை வெட்டினேன். மூன்றாம் முறை எழுதியபோது திரும்பி வந்து அதே பாயில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். றாஹிலாதான் அழைத்து வந்திருக்கவேண்டும். இஸ்லாமிய வரலாற்றுக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்பது அவள் கேள்வி. வெட்டுவதை விட்டேன்.

4

மேடை பள்ளிவாசல் முற்றத்தில். மேடையின் ஒரு பக்கம் பொடியன்கள் மூவர், தலைவன் பளீல். நடுவில் கனகரெத்தினம் மாஸ்டர். மறுபக்கம் பூப்போட்ட படுக்கைவிரிப்பு ஒன்றைக் கயிற்றில் மாட்டித் திரை. திரைக்குப் பின்னே பாயில் அணி, அதற்குப் பின்னே ஊர்ப் பெண்கள். மைக் ஒன்றைத் திரைக்குக் கீழால் உள்ளே தள்ளியிருந்தார்கள். யார் பேசுகிறார்கள் என்று நடுவருக்குத் தெரியாது. ஆகவே மாஸ்டர் ஒரு விதி சொன்னார்: திரைக்குப் பின்னாலிருந்து மைக்கில் முதலாவதாக எது வருகிறதோ, அதுதான் விடை. மாற்ற ஏலாது.

கடைசிச் சுற்று வரை இரு அணியும் சமம். அஸீஸா ஒரு விடைகூடத் தவறவிடவில்லை. என் சந்தேகத்துக்கு நான் வெட்கப்பட்டேன்.

சமநிலையை உடைக்க ஒரு ஆங்கில எழுத்தை எடுப்பது. அந்த எழுத்தில் தொடங்கும் நாடுகளை இரு அணியும் மாறி மாறிச் சொல்வது. எந்த அணி தடக்குகிறதோ, அது தோற்றது. பால்மா டின்னுக்குள் எழுத்துத் துண்டுகள். மரைக்கார் கையை விட்டார்.

(எந்த எழுத்தை எடுக்கவைப்பது என்று நான் நாள்கணக்கில் அலைந்தேன். கியூ என்றால் கட்டார் ஒன்றுதான், கதை ஒரு வரியில் முடிந்துவிடும். ஓ என்றால் ஓமான், அதே கதி. எம் என்றால் மலேசியா, மாலைதீவு, மொறோக்கோ என்று போய்க்கொண்டேயிருக்கும், சனம் சாப்பிட எழும்பிவிடும். ஐ என்னை நெடுநேரம் மயக்கியது. ஈரானையும் ஈராக்கையும் இஸ்ரேலையும் ஒரே சகன் தட்டில் சோறு தின்ன உட்காரவைக்க அந்த எழுத்தால் மட்டும்தான் முடியும். நாடுகள் எழுத்து மாறுவதும் உண்டு. நம்முடைய நாடே எழுபத்திரண்டில் சி-யை விட்டு எஸ்-க்குக் குடிபோனது. டஹோமி என்று ஒரு நாடு டி-யை விட்டு பி-க்குப் போனது. அதற்கு நம்மூரில் ஒருவரும் அழவில்லை, ஏனென்றால் அங்கே நம் பிள்ளைகள் யாரும் இல்லை.)

மரைக்காரின் கையில் வந்தது டி. நான்தான் வரவைத்தேன். மறைக்க என்ன இருக்கிறது.

"டென்மார்க்" என்றான் பளீல்.

"ஜிபூட்டி" என்றாள் றாஹிலா. ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் முன்னால் ஒரு டி நிற்கும். மாஸ்டர் தலையாட்டினார். ஆண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது, அப்படியொரு நாட்டை ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

பளீல் விரலை மடக்கினான், மேலே பார்த்தான், கடைசி நொடியில் "டொமினிக்கன் குடியரசு" என்றான்.

இப்போது டி-யில் மிச்சம் ஒரே ஒரு நாடு. டொமினிக்கா. கடலில் சின்னத் தீவு, சுதந்திரம் கிடைத்து நாலு வருடம்கூட ஆகவில்லை. றேடியோச் செய்தியில் கேட்ட அன்றே றாஹிலா அதை மனதில் குறித்து வைத்திருந்தாள். அவள் அதைச் சொல்லிவிட்டால் பளீலுக்குச் சொல்ல உலகத்தில் நாடே இல்லை. சனிக்கிழமை அவளுடையது. அவள் மூச்சை இழுத்துக்கொண்டு மைக்குக்குக் குனிந்தாள்.

"டுபாய்!"

அஸீஸா. கண்ணெல்லாம் வெளிச்சமாக, மாப்பிள்ளையின் பேரை மேடையில் கூப்பிட்டது போல.

5

திரைக்கு இரு பக்கமும் கைதட்டல் வெடித்தது. சரியான விடை! டி-யில் டுபாய் இல்லாமல் வேறு என்ன இருக்கிறது? ஊர் முழுக்க அதுதானே தெரியும்.

கனகரெத்தினம் மாஸ்டர் கையை உயர்த்தினார். "டுபாய் ஒரு நாடில்ல. அது ஐக்கிய அரபு அமீரகத்துக்குள்ள ஒரு பகுதி. அந்த நாடு வாறது யு எழுத்தில."

கைதட்டல் நின்றது. பிறகு எழுந்த சத்தத்தை எழுத என் பேனைக்குப் பலமில்லை. "அப்ப நாங்க எங்க காசு கட்டி அனுப்பினம்?" என்று ஒரு குரல். "பாஸ்போட்டுல குத்தித்தானே இரிக்கு!" என்று இன்னொன்று. பளீலும் விடவில்லை. "டுபாய் நாடெண்டா டோஹாவும் நாடுதான் சேர்!" என்றான், அவன் மச்சான் டோஹாவில். "தம்மாம்!" என்று பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "தஹ்ரான்!" "ஜித்தா!" ஜித்தாவை நாலு பேர் சேர்ந்து உட்காரவைத்தார்கள், அது ஜே எழுத்து. எண்ணி நாலே நாடு உள்ள எழுத்தில் நாடுகள் மழைக்கு முளைத்த காளான் போலப் பெருகின. எல்லாவற்றிலும் நம்மூர்ப் பிள்ளைகள் சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து, மைக் இல்லாமலே, சபியா உம்மாவின் குரல் வந்தது. தெருமுனையில் அப்பம் சுடும் பெண், ஒரே மகன்.

"மாஸ்டர், ரெண்டு வருசமா என்ட மகன் டுபாய்ல இரிக்கான். அது நாடில்லெண்டா, அவன் எங்க இரிக்கான்?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படம் இருந்தால் காட்டியிருப்பார். பேச்சில் அதை எப்படிச் சொல்வதென்று அவருக்கு அந்த நேரம் வரவில்லை.

மரைக்கார் மைக்கை எடுத்தார். "டுபாய் நாடுதான். என்ட மகனும் அங்கதான் இரிக்கான். டோஹாவும் நாடுதான். ரெண்டு பக்கமும் சமன். பரிசு ஆளுக்குப் பாதி."

"அப்ப வாசிகசாலை?" என்றாள் றாஹிலா.

"சமனெண்டா வெற்றி இல்லதானே மகள். பிறகு பாப்பம்."

பிறகு பாப்பம் என்றால் என்ன என்று நம்மூரில் பிறந்த எல்லாருக்கும் தெரியும்.

6

இங்கே நான் மூன்று வழி போட்டுப் பார்த்தேன்.

முதல் வழி: றாஹிலா டொமினிக்காவைச் சொல்கிறாள், மாஸ்டர் மனமிரங்கி ஏற்றுக்கொள்கிறார். (ஏற்கமாட்டார். முதல் வந்ததுதான் விடை என்று சொன்னவர் அவர். அவர் வளைந்தால் அந்த நடுக்கதிரைக்கு என்ன பெறுமதி?)

இரண்டாவது: பளீல் பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுக்கிறான். (பளீல் இதைக் கேட்டால் சிரிப்பான்.)

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: றாஹிலா ஊரோடு சேர்ந்துகொள்கிறாள். டுபாய் நாடே, அதை முதலில் சொன்னது நாங்கள், ஆகவே வெற்றி எங்களுக்கே என்று அடித்துப் பேசுகிறாள். தன் மகன் இருக்கும் இடத்தை நாடில்லை என்று சொல்ல எந்தத் தகப்பனும் எழமாட்டான். மரைக்காரை மடக்கிவிடலாம். நாலு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்தது. அடுத்த நாள் படித்தபோது அந்த நாலு பக்கத்தில் றாஹிலா வாயே திறக்கவில்லை என்று கண்டேன். பேசியதெல்லாம் நான்.

கிழித்துப் போட்டேன்.

றாஹிலாவுக்கு அஸீஸா மீது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பாயில் இருந்த அவள் கையைப் பிடித்தாள், நசுக்கிவிடலாம் போலிருந்தது. ஆனால் அஸீஸா அழுதுகொண்டிருந்தாள், விடை பிழைத்ததற்கு மட்டுமில்லை. புருசன் போன இடம் எதுவென்றே தெரியாமல் இத்தனை நாள் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள். றாஹிலா அவள் கையை விட்டுவிட்டு மைக்கை எடுத்தாள்.

"மாஸ்டர் சொன்னதுதான் சரி. எங்கட விடை பிழை. நாங்க தோத்திட்டம்."

முற்றம் திகைத்துப்போனது. பாதிப் பரிசு கையில் இருக்கத் தோல்வியைக் கேட்டு வாங்குகிறவளை யார் கண்டிருக்கிறார்கள்?

"சபியா மாமி, உங்கட மகன் இரிக்கிறது ஏழு பகுதி சேர்ந்த ஒரு நாட்டுல. டுபாய் அதுல ஒண்டு. கடலோரம்."

"எந்தக் கடல் மகள்? நம்மட கடலா?"

"இல்ல மாமி. நம்மட கடலால தெக்க சுத்தி மேற்க போய், அறபிக் கடலத் தாண்டி, ஒரு இடுக்கால உள்ளுக்குப் போனா இன்னொரு கடல்." அவள் கையால் காற்றில் கோடு போட்டாள். சபியா உம்மா அந்தக் கையையே பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. "எனக்குச் சொல்ல ஏலும் மாமி, காட்ட ஏலா. காட்டுற படம் வாசிகசாலைச் செவத்துல இரிக்கு."

"அப்ப அந்தப் படத்த எனக்குக் காட்டச் சொல்லுகா."

"எனக்கும்" என்றாள் அஸீஸா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

எனக்கும், எனக்கும் என்று பாய் பாயாகக் குரல் எழுந்தது. தம்மாமின் தாய், டோஹாவின் பெண்சாதி, ஜித்தாவின் தங்கச்சி.

மரைக்கார் குரலை உயர்த்தினார். "றாஹிலா! தோத்தா இந்தக் கதைய எடுக்கிறல்ல எண்டு சம்மதிச்ச நீ."

"ஓம் மரைக்கார், நான் எடுக்கல்ல. தோத்தது நான். கேக்கிறது மாமிமாருகள்."

7

சனிக்கிழமை காலை. வாசிகசாலை வாசலில் பெண்கள். சிலர் குடையோடு, சிலர் இடுப்பில் பிள்ளையோடு. சபியா உம்மா அன்று அப்பம் சுடவில்லை. அஸீஸா கலியாணச் சேலை கட்டி வந்திருந்தாள், படத்தில் அவனைக் காணப்போவதாக நினைப்புப் போல. றாஹிலா முன்னுக்கு நிற்கவில்லை. கொடுத்த சொல்லுக்காகக் கடைசியில் நின்றாள்.

உள்ளே பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த இருவர் சட்டையைத் தேடினார்கள். ஒருவர் பின்பக்கத்தால் போனார். மற்றவர் எழுந்து, எதற்கென்று தெரியாமல், கதவைச் சாத்தினார்.

மரைக்கார் வந்தார். மில்லிலிருந்து நேரே வந்தவர், தோளில் தவிடு. கூட்டத்தைப் பார்த்தார். ஏச வாயெடுத்தவர் சபியா உம்மாவைக் கண்டதும் நிறுத்தினார்.

"மரைக்கார், உங்கட மகனும் அங்கதானே" என்றாள் அவள். "நீங்க ஒவ்வொரு நாளும் இதுக்குள்ள போறீங்க. அவன் இரிக்கிற இடத்தப் படத்துல பாத்திரிக்கீங்களா?"

அந்தப் படத்துக்குக் கீழேதான் மரைக்காரின் கதிரை. அதில் முதுகைச் சாய்த்துத்தான் அவர் இத்தனை வருடமும் பேப்பர் படித்தார். ஒரு நாளாவது திரும்பிப் பார்த்ததில்லை. அது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. கையை நீட்டிக் கதவைப் பிடித்தார். பிடித்து,

(இந்த வாக்கியத்தை முடிக்க மூன்று நாளாக முயல்கிறேன். "திறந்தார்" என்று எழுதலாம். ஒரு சொல்தான், எனக்கு நட்டமில்லை. ஆனால் அப்போது திறந்தது நானாகிவிடும். பாதிப் பரிசையே வேண்டாம் என்றவளுக்கு என்னுடைய ஒரு சொல்லை எப்படித் தருமமாகக் கொடுப்பது? "பூட்டினார்" என்று எழுதினால் மரைக்காரை நான் இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். இரண்டும் என்னால் முடியாது. நீங்கள் வேண்டுமானால் வாக்கியத்தை முடியுங்கள். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கதவு இருக்கும், கையை வைத்துப் பார்த்துவிட்டு முடியுங்கள்.)

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் என் பங்குக்கு, கதை முடிந்தது, எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்று எழுதினேன். ஒருத்தியும் அசையவில்லை. இடுப்பிலிருந்த பிள்ளைகளை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்கள். கடைசியில் நின்ற றாஹிலா மட்டும் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எழுதி முடிச்சாப் போங்க காக்கா" என்றாள். "நாங்க நிக்கிறம்."